கேற்றில் பெயர் கேட்காத நாள்

போன மாதம் ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். கட்டட வேலைப் பகுதிக்குப் புதிதாக வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர். தீவுப் பகுதியில் பொலிஸ் குடும்பங்களுக்காக இன்னொரு மாடிக் குடியிருப்பு கட்டப் போகிறார்களாம். வரைபடம் அவருடைய கைக்கு வந்துவிட்டதாம்.

"அண்ணை, முதல் குடியிருப்பை நீங்கள்தானே நிண்டு கட்டுவிச்சனீங்கள். பிறகு பராமரிப்பும் உங்கடை பொறுப்பிலைதானே இருந்தது. அதிலை என்னென்ன பிழை வந்ததெண்டு சொன்னியளெண்டால் நாங்கள் இதிலை திருத்தலாம்" என்றார்.

பிழை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. "தம்பி, பிழை ஒண்டும் வரேல்லை. இண்டைக்கும் போய்ப் பாரும், ஒரு வெடிப்பு இல்லை" என்றேன். பிறகு மனம் கொஞ்சம் இறங்கி, எந்த வரைபடத்திலும் வராத ஒரு விசயத்தைச் சொல்லத் தொடங்கினேன். அது அந்தக் குடியிருப்பின் வாசல் கேற்றைப் பற்றியது. பாதியிலேயே அவருடைய தொலைபேசியில் சார்ஜ் முடிந்துவிட்டது. "அந்தப் பெடியனை விடுங்கோ. எழுதிக் குடுத்தால் ஆறுதலா வாசிக்கும்" என்று மனைவி சொன்னாள். அவளுடைய காதுக்கும் ஓய்வு வேண்டியிருந்தது போலும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் காரைநகர் ஆள். யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பம் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தேன். சண்டைக் காலம் முழுவதும் வன்னியில் பள்ளிக்கூடம், மதகு, ஆசுப்பத்திரி விடுதி என்று கட்டியதும், கட்டியது உடைந்தபோது திருத்தியதும்தான் என் உண்மையான படிப்பு. அதை எழுதத் தொடங்கினால் இது வேறு கதையாகிவிடும். நீர்மட்டக் கருவியை நம்பலாம், ஒப்பந்தக்காரரை நம்பக்கூடாது என்பதை அங்கேதான் கற்றேன். சண்டை ஓய்ந்து சில காலத்துக்குப் பிறகு ஊர்காவற்றுறைப் பக்கம் இந்தக் குடியிருப்பு வேலைக்கு மேற்பார்வையாளராகப் போட்டார்கள்.

அதுவரை அங்கே வேலை செய்த பொலிஸ்காரர்கள் நிலையத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் படுத்தெழும்பினார்கள். மனைவி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள் பாதி. யாழ்ப்பாணத்தில் அறை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு நாளும் கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதி வீதியால் பஸ்ஸில் வந்து போனவர்கள் மீதி. இவர்களுக்காகத்தான் அரசாங்கம் மூன்று மாடியில் வீடுகள் கட்டியது. சம்பளத்தில் சிறிய பங்கை வாடகையாகப் பிடிப்பார்கள், மிச்சச் செலவு அரசாங்கத்துடையது. 

எங்கள் தீவுச் சனத்துக்கு அந்தக் கட்டடம் வேடிக்கையாக இருந்தது. வளவும் வேலியும் கிணறும் இல்லாத ஒன்றை அவர்கள் வீடு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சைக்கிளில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "உதென்ன மேற்பார்வையாளர், புறாக்கூடோ?" என்று கேட்பார்கள். "ஓம், நீங்களும் ஒரு கூட்டுக்கு எழுதிப் போடுங்கோ" என்பேன்.

கட்டும்போது நான் விட்டுக்கொடுக்காத விசயங்கள் இரண்டு. ஒன்று தண்ணீர். கொங்கிறீற்றுக்கு உவர்த்தண்ணீர் விட்டால் உள்ளே இருக்கும் கம்பி அழுகிவிடும். நல்ல தண்ணீரைப் பவுசர் லொறியில்தான் கொண்டு வர வேண்டும். ஒப்பந்தக்காரர் பக்கத்துக் கிணற்றில் அள்ளிவிட்டு "எல்லாம் ஒரே தண்ணிதானே ஐயா" என்று பல்லைக் காட்டுவார். நான் ஒவ்வொரு பீப்பாயிலும் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கரித்தால் பீப்பாயை உதைத்துக் கவிழ்ப்பேன். எத்தனை பீப்பாய் கவிழ்த்தேனோ தெரியாது, கடைசியில் ஒப்பந்தக்காரரே குடித்துக் காட்டிவிட்டுத்தான் என்னிடம் கொண்டு வந்தார்.

மற்றது சாமித் தட்டு. அரச குடியிருப்பில் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் குடிவருகிற முதல் நாளே ஒருவர் பிள்ளையார் படத்தைக் கொண்டு வருவார், ஒருவர் மாதா சுருவத்தைக் கொண்டு வருவார், ஒருவர் புத்தர் சிலையைக் கொண்டு வருவார். இவர்களை ஆணி அடிக்காதே என்றால் கேட்பார்களா? பூச்சு வேலைக்கு முன்பே ஒவ்வொரு வீட்டிலும் கிழக்குச் சுவரில் ஒரு கொங்கிறீற்றுத் தட்டு வைத்துக் கட்டினேன். வரைபடத்தில் இல்லை என்று கணக்குப் பகுதியில் முணுமுணுத்தார்கள். வீடு கையளிக்கும்போது நானே ஒவ்வொரு தண்ணீர் ரேப்பையும் திறந்து பூட்டி, ஒவ்வொரு யன்னல் கண்ணாடியையும் தட்டிக் காட்டிவிட்டு, கடைசியில் அந்தத் தட்டைக் காட்டுவேன். அதைக் கண்டதும் பெண்களின் முகம் மலர்ந்துவிடும். ஒரு சுவரிலும் ஆணி ஏறவில்லை.

கட்டி முடிந்ததும் பராமரிப்புக்கும் என்னையே விட்டார்கள். அப்போதுதான் பொலிஸ் பொறுப்பதிகாரி புதிதாக வந்து சேர்ந்தார். நிலையத்துக்கும் குடியிருப்புக்கும் அவர்தான் தலை. தெற்குப் பக்கத்துச் சிங்களவர். வகுப்புக்குப் போய்த் தமிழ் படித்தவர் என்பதால் புத்தகத்தில் இருப்பதைப் போலவே பேசுவார். எல்லோருக்கும் 'நீங்கள்'தான். குடியிருப்புக்குள் ஆடு புகுந்தால்கூட, "தயவுசெய்து வெளியே போங்கள்" என்று அதன் பின்னால் நடப்பார். ஆடு போகாது. அவர் மறுபடியும் தயவுசெய்து என்பார்.

அவர் சத்தம் போட்டு ஒருநாளும் நான் கேட்டதில்லை. ஒரு கட்டளை சொன்னால் உடனே, "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்பார். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு சொல் மாறினாலும் முதலிலிருந்து தொடங்குவார். நாம் ஏதாவது முறையிடப் போனால் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். தொப்பி மடியில் இருக்கும்வரை எவ்வளவும் பேசலாம், வாதாடலாம். தொப்பி தலைக்குப் போய்விட்டால் கதை முடிந்தது. இது தெரியாமல் தொப்பி ஏறிய பிறகும் பேசிய ஆட்கள் கெட்டார்கள்.

கேற் விசயத்தில் அவர் இரும்பு. வெளியார் யார் வந்தாலும் காவலாளி பெயர், அடையாள அட்டை இலக்கம், யாரைப் பார்க்க வந்தார் என்பதைப் புத்தகத்தில் பதிய வேண்டும். பிறகு வீட்டுக்காரர் கீழே இறங்கி வந்து, இவர் எங்கள் ஆள்தான் என்று சொல்லிக் கூட்டிப்போக வேண்டும். ஆண்கள் கடமைக்குப் போன நேரத்தில் பெண்களும் பிள்ளைகளும் தனியே இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்று நடந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்பார். அது நியாயம்தான். நானும் தினமும் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே போனேன்.

முதலாம் மாடியில் கௌசல்யா என்ற பெண் பொலிஸ் கொன்ஸ்டபிள் இருந்தாள். நெடுந்தீவுப் பிள்ளை. புருசன் கட்டாரில் வேலை. ஒரு மகள் இருந்தாள். கௌசல்யாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. தகப்பன் கடலில் போனவர் திரும்பி வரவில்லை. ஆகவே தாய் இராசமணி அக்காவையும் தன்னோடு கூட்டிவந்து வைத்திருந்தாள்.

அக்கா வந்த புதிதில் என்னைக் கண்டபோதெல்லாம் முறைப்பாடுதான். "காலுக்குக் கீழை மண் இல்லாமல் எப்பிடித் தம்பி மனுசர் சீவிக்கிறது?" என்பா. பெயின்ற் வாளியில் மண் போட்டுக் கறிவேப்பிலையும் துளசியும் வைத்துக் கொடுத்தேன். பிறகு முறைப்பாடு குறைந்தது. பின்னேரங்களில் கீழே வந்து கேற்றுக்கு உள்ளே இருந்த சீமெந்து வாங்கில் இருப்பா. நாரந்தனைப் பக்கத்துப் பெண்கள் கோயிலுக்குப் போகும் வழியில் கேற்றுக்கு வெளியே நின்று கம்பிகளுக்கு இடையால் அவவோடு கதைப்பார்கள். மணிக்கணக்கில் கதை நடக்கும். ஒருத்தியும் உள்ளே வரமாட்டாள். "இராசமணி அக்காவைப் பாக்க நான் ஏன் அடையாள அட்டை காட்டோணும்?" என்று ஒருத்தி என்னிடமே கேட்டாள்.

அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தார், கணபதியர். நெடுந்தீவில் மாடு வளர்ப்பவர். கௌசல்யாவுக்குத் தாய்மாமன், அவள் அம்மான் என்றுதான் கூப்பிடுவாள். அவள் பொலிஸில் சேர்ந்த நாளிலிருந்து அவர் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காக்கிச் சட்டையைக் கண்டால் ஒழுங்கைக்குள் ஒதுங்கிய காலத்தைக் கண்ட மனிதர். சொந்த மருமகள் அதைப் போட்டுக்கொண்டு நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை. அக்காதான் படகேறிப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வருவா. அவர் இந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை.

அக்காவுக்கு வருத்தம் கூடி யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரியில் கிடந்தபோது மகளிடம் ஒன்று சொன்னாவாம்: "என்னைப் படகிலை ஏத்தி அலைக்காதை, பிள்ளை. வீட்டிலையிருந்து எடு."

"எந்த வீடம்மா?" என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"நான் இருக்கிற வீடுதான். வேறை எந்த வீடு?"

இரண்டு நாளில் அக்கா போய்விட்டா. கௌசல்யா நெடுந்தீவுக்குத் தொலைபேசி எடுத்தாள். கணபதியர் அழுதார், பிறகு இறுகினார். "பொலிஸ் குவாட்டசிலையிருந்து சவம் எடுக்கிற வழக்கம் எங்கடை பரம்பரையிலை இல்லை. ஊருக்குக் கொண்டு வா. ஏலாதெண்டால் நான் வருவனெண்டு பாத்திருக்காதை" என்றார்.

அவள் அழுதபடியே என் அறைக்கு வந்தாள். "அண்ணை, அம்மாவுக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை. கொள்ளிக்கு உரித்து அம்மானுக்குத்தான். ஊருக்குக் கொண்டு போனால் அம்மான்ரை கதை நடக்கும், அம்மா சொன்னது நடவாது. இஞ்சை வைச்சால் அம்மான் வரமாட்டார். மனம் மாறி வந்தாலும் கேற்றிலை நிப்பாட்டிப் பேர் கேட்டால் அப்பிடியே திரும்பிப் போடுவார். எனக்கு அவரைத் தெரியும்" என்றாள்.

தாயின் கடைசிச் சொல் ஒரு பக்கம், கொள்ளி மறுபக்கம். நடுவில் நான் நிறுத்திய இரும்புக் கேற். "பிள்ளை, நீ அம்மாவைக் கொண்டு வாற அலுவலைப் பார். கேற்றை நான் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எப்படிப் பார்ப்பது என்று யோசித்தேன்.

நேரே பொறுப்பதிகாரியிடம் போனேன். விசயத்தைக் கேள்விப்பட்டு ஏற்கனவே மலர்வளையத்துக்குச் சொல்லிவிட்டார். நல்ல மனிதர். "இறுதிக் கிரியை இங்கேயே நடக்கட்டும். அனுமதி உண்டு. வருகிறவர்களின் பெயரைப் பதிய இன்னும் இரண்டு பேரைக் கேற்றில் போடுகிறேன். தாமதம் இருக்காது" என்றார். தொப்பி தலையில் இருந்தது.

"ஐயா, தொப்பியைக் கழட்டுங்கோ. கொஞ்சம் கதைக்கோணும்" என்றேன்.

ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுக் கழற்றி மடியில் வைத்தார்.

"ஐயா, எங்கடை ஊரிலை கலியாணத்துக்குக் காட் குடுத்துக் கூப்பிடுவம். செத்த வீட்டுக்கு ஒருத்தரையும் கூப்பிடுறேல்லை. கேள்விப்பட்ட ஆக்கள் தாங்களா வருவினம். படலையை அகலத் திறந்து விட்டிடுவம். ஆர் நீர், ஏன் வந்தனீர் எண்டு கேக்கிறேல்லை. வருசக்கணக்காய்க் கதையாத பகையாளி வந்தாலும் கேக்கிறேல்லை. கேட்டால் வந்த ஆள் திரும்பிப் போடும். அதைக் கண்டு பின்னாலை வாறவையும் திரும்பிடுவினம்."

"பெயர் இல்லாமல் உள்ளே வந்த ஒருவர் ஏதாவது செய்தால்? பிள்ளைகள் இருக்கிறார்கள்."

"பிள்ளையளை நான் பாக்கிறன். ஆனால் சனம் வராத செத்த வீடு எண்டால் அந்தப் பிள்ளை சாகும்வரைக்கும் தலை நிமிராது, ஐயா. அவள் உங்கடை பொலிஸ்."

அவர் நீண்ட நேரம் தொப்பியின் உட்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன். சரியா என்று நீங்கள் சொல்லுங்கள்" என்றார். "அழைப்பு இல்லை. பெயர் இல்லை. கேள்வி இல்லை. பகைவர் வந்தாலும் கதிரை கொடுக்க வேண்டும். சரியா?"

எத்தனையோ பேரைத் திருப்பிச் சொல்ல வைத்த மனிதர் என் முன்னால் தானே திருப்பிச் சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை. "சரி, ஐயா" என்றேன்.

"நாளை முழுவதும் கேற் திறந்திருக்கும். புத்தகம் என் மேசைக்கு வரட்டும்." தொப்பி தலைக்கு ஏறியது.

அதற்குப் பிறகு எனக்கு வேலை தலைக்கு மேல். முற்றமாகப் பாவிக்கக்கூடியது மோட்டார் சைக்கிள் விடும் இடம் மட்டும்தான். அதில் பந்தல் போட்டேன். படிக்கட்டுத் திருப்பத்தில் சவப்பெட்டி திரும்பாது என்பது அதைக் கட்டுவித்த எனக்குத் தெரியும், செலவைக் குறைக்கப் படியை மேலிடம் ஒடுக்கியிருந்தது. பெட்டியைக் கீழே பந்தலில் வைத்துவிட்டு, அக்காவை ஸ்ரெச்சரில் மேலே கொண்டு போய்ச் சொந்த அறையில் கிடத்துவது என்று ஏற்பாடு செய்தேன். தம்பி, உங்கள் புதிய வரைபடத்தில் ரைல்ஸ் எந்த நிறம் என்பதை விட்டுவிட்டு முதலில் படித் திருப்பத்தை அளந்து பாரும்.

கிரியைக்குச் சுண்ணம் இடிக்க உரல் வேண்டும். மாடி வீட்டில் உரலுக்கு எங்கே போவது? மூன்றாம் மாடிச் சார்ஜன்டின் மனைவி குசுமா தன் சிங்கள ஊரிலிருந்து லொறியில் ஓர் உரல் கொண்டுவந்திருந்தா. அவ மிளகாய் இடித்தால் கீழ்வீட்டில் பாத்திரம் ஆடும். நானே இரண்டு தரம் போய் இடிக்க வேண்டாம் என்று தடுத்திருக்கிறேன். கேட்கக் கூச்சமாக இருந்தது. அவவோ நான் வாயைத் திறக்க முன்பே உரலைக் கழுவிக் கதவடியில் வைத்திருந்தா. செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பது அவர்களுக்கும் வழக்கமாம். நாளைக்கு வரும் சனத்துக்குத் தேத்தண்ணி தன் குசினியிலிருந்து வரும் என்றா.

மறுநாள் காலை அக்காவைக் கொண்டுவந்து மேலே கிடத்தினோம். கௌசல்யாவும் மகளும் தலைமாட்டில் இருந்தார்கள். குருக்களும் வந்துவிட்டார். ஆனால் சனம் ஒன்றையும் காணவில்லை. கணபதியர் மனம் கேட்காமல் முதல் படகிலேயே வெளிக்கிட்டுவிட்டார், குறிகட்டுவான் துறையில் இறங்கி வான் பிடித்து வருகிறார்கள் என்று செய்தி வந்து எவ்வளவோ நேரம்.

"அண்ணை, நெடுந்தீவுச் சனம் வந்திட்டுதோ?" என்று கௌசல்யா கேட்டபடி இருந்தாள்.

மாடி விறாந்தையில் நின்று எட்டிப் பார்த்தேன். வான் வந்துதான் இருந்தது. தெரு வளைவில் பூவரச மரத்தடியில் நின்றது. இறங்கிய சனம் அங்கேயே குமிந்து நின்றது. நாரந்தனைப் பெண்களும் மற்றப் பக்கத்தில் குடையைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் அடி எடுத்து வைக்கவில்லை. கீழே கேற்றைப் பார்த்தேன்.

கேற் அகலத் திறந்திருந்தது. புத்தகமும் இல்லை. ஆனால் கேற்றிலிருந்து பந்தல்வரை இரண்டு பக்கமும், மடிப்புக் கலையாத காக்கி உடுப்பில், பொலிஸ்காரர்கள் வரிசையாக விறைத்து நின்றார்கள். முன்னால் எங்கள் பொறுப்பதிகாரி.

இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன். "இது என்ன, ஐயா?"

"மரியாதை" என்றார் அவர் பெருமையாக. "எங்கள் கொன்ஸ்டபிளின் தாய்."

அவரைக் கோபிக்கவும் முடியவில்லை. "ஐயா, உங்கடை மரியாதை பெரிசு. ஆனால் அங்கை நிக்கிற சனம், ரண்டு பக்கமும் காக்கிச் சட்டை நிக்க நடுவாலை எத்தினை தரம் நடந்த சனம்! அப்ப ஒருத்தரும் அவைக்கு மரியாதை குடுக்க நிக்கேல்லை."

அவர் தெரு வளைவைப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது. "நான் எல்லோரையும் நிலையத்துக்கு அனுப்பிவிடவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம், ஐயா. அவங்களும் இந்த வளவுச் சனம்தானே. காக்கியைக் கழட்டிப்போட்டுச் சறத்தைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கோ. கதிரை தூக்க ஆள் வேணும்."

அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு வரிசையைப் பார்த்து, "எல்லோரும் போய்ச் சறம் கட்டிக்கொண்டு வாருங்கள். நான் என்ன சொன்னேன்?" என்றார்.

"சறம் கட்டிக்கொண்டு வர வேணும், ஐயா!" என்று வரிசை முழுவதும் ஒரே குரலில் சொன்னது. துக்க வீட்டில் சிரிக்கக்கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த இடமே மாறிப்போனது. சறமும் சேட்டுமாகப் பெடியன்கள் கதிரை அடுக்கினார்கள், தண்ணீர் வாளி தூக்கினார்கள். பொறுப்பதிகாரியும் வெள்ளைச் சறத்தோடு வந்தார். தொப்பி இல்லாமல் பார்த்தால் சங்கக்கடை மனேச்சர் மாதிரி இருந்தார்.

நான் பூவரசடிக்கு நடந்தேன். கணபதியர் சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது.

"நீர் ஆர்?" என்றார்.

"காரைநகர் ஆள். இந்தக் கட்டடத்தைக் கட்டுவிச்சது நான்தான்."

"கூட்டைக் கட்டிப்போட்டு வீடெண்டு சொல்லுற ஆள் நீர்தானோ?"

"அண்ணை, கூடோ வீடோ எண்டதைப் பிறகு ஆறுதலாக் கதைப்பம். அக்கா மேலை கிடக்கிறா. இஞ்சையிருந்துதான் எடுக்கோணுமெண்டு அவதான் சொன்னவ. பிள்ளை சொல்லேல்லை. வாறதும் விடுறதும் உங்கடை விருப்பம்."

அவர் வாயை மென்றார். "கேற்றிலை என்ன எழுதுறாங்கள்?"

"ஒண்டும் எழுதுறேல்லை."

அவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "கதிரை தூக்கிறவங்கள் ஆர்?"

"அயல் வீட்டுக்காரர்" என்றேன்.

அவர் சால்வையை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தார். சனம் பின்னால் வந்தது. வீட்டு ஆண்கள் வாசலில் கையை நீட்டி நிற்பதும், வருகிறவர் அந்தக் கையைத் தொட்டுத் துக்கம் கேட்பதும் எங்கள் முறை. அந்த வீட்டுக்கு ஆண் இல்லை. நானும் மூன்றாம் மாடிச் சார்ஜன்டும் நின்றோம். பொறுப்பதிகாரி எங்களைப் பார்த்துவிட்டுத் தானும் கையை நீட்டினார். கணபதியர் என் கையைத் தொட்டார், சார்ஜன்டின் கையைத் தொட்டார், அவருடைய கையையும் தொட்டார். தொட்டவர் யார் கை என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. படியேறும்போதே அவருக்கு வாய்விட்டு அழுகை வந்துவிட்டது. மேலே கௌசல்யா "அம்மான்" என்று ஓடிவந்து அவர் காலடியில் விழுந்த சத்தம் கீழே எங்களுக்குக் கேட்டது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, துடைக்கவில்லை.

நாரந்தனைப் பெண்கள் முதல்முறையாக அந்தக் கேற்றுக்குள் வந்தார்கள். ஒப்பாரி மூன்று மாடிக்கும் கேட்டது. குசுமாவின் உரலில் சுண்ணம் இடித்தார்கள். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்கும் நேரம் வந்தபோது, கௌசல்யாவின் மகளுக்குப் பக்கத்தில் குசுமாவின் சின்ன மகளும் கையை நீட்டிக்கொண்டு போய் நின்றுவிட்டாள். குருக்கள் கணபதியரைப் பார்த்தார். "ஆர் இந்தப் பிள்ளை?" என்று அவர் கேட்டார். "மேல் வீடு, அம்மான். அம்மா தீத்தினாத்தான் இவளுக்குச் சோறு இறங்கும்" என்றாள் கௌசல்யா. "அப்ப பிடிக்கட்டும்" என்றார் அவர்.

பெண்கள் கேற்றடிவரை வந்து நின்றுகொண்டார்கள். பெட்டியைத் தூக்கியவர்களில் நெடுந்தீவாரும் இருந்தார்கள், சறம் கட்டிய பொலிஸ்காரரும் இருந்தார்கள். கடலோரச் சுடலையில் கணபதியர் கொள்ளி வைத்தார். அக்கா கேட்டபடி கேட்ட இடத்திலிருந்தே போனா. என் உத்தியோகத்தில் எத்தனையோ கட்டடத்தைக் கையளித்திருக்கிறேன். அன்று மனம் நிறைந்ததுபோல ஒருநாளும் நிறையவில்லை.

சுடலையால் வந்து, முழுகி, குசுமா அனுப்பிய தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சனம் கலையத் தொடங்கியது. செத்த வீட்டிலிருந்து புறப்படுகிறவர் 'போட்டு வாறன்' என்று சொல்வதில்லை. மறுபடியும் இப்படி ஒன்றுக்கு வருவேன் என்று ஆகிவிடுமாம். பேசாமல் எழும்பிப் போய்விட வேண்டும். எல்லோரும் அப்படியே போனார்கள்.

கணபதியரும் கடைசிப் படகைப் பிடிக்க எழும்பினார். காலையிலிருந்து யாரிடமும் அந்த வீட்டைப் பற்றி அவர் நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. கேற்றடியில் சமன் என்ற இளம் கொன்ஸ்டபிள் கதிரைகளை மடித்துக்கொண்டு நின்றான். தமிழ் பழகுகிற பெடியன், பெரியவர்களைக் கண்டால் பழகிய தமிழைப் பாவிக்காமல் விடமாட்டான். கையைக் கூப்பி, "போய்ட்டு வாங்கோ, ஐயா" என்றான்.

பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். கௌசல்யா வாயைப் பொத்திக்கொண்டாள். கணபதியர் நின்றார். திரும்பி சமனுக்குக் கிட்ட வந்தார்.

"தம்பி, செத்த வீட்டிலை நிண்டு அப்பிடிச் சொல்லப்படாது" என்றார்.

சமனின் முகம் வெளிறிப்போனது. மன்னிப்புக் கேட்கத் தமிழ் வரவில்லை. கிழவர் அவனுடைய தோளில் கையை வைத்தார்.

"அக்காவின்ரை முப்பத்தோராம் நாள் கிரியைக்கு இஞ்சை வருவன். அண்டைக்குச் சொல்லும்."